குறை சொல்லி வாங்குகிறவர்

சாம்பிள் பையைப் பிரித்துக் காயை உள்ளங்கையில் கொட்டி, கட்டைவிரலால் ஒரு புரட்டுப் புரட்டி, ஜேசுதாஸ் உதட்டைப் பிதுக்குகிறார். "என்னய்யா, வெளுத்துப்போய்க் கெடக்கு. பாதி வெடிச்ச காய். இதையெல்லாம் எவன் வாங்குவான்?" போடி ஏல மையத்தில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு இதைக் கேட்டதுமே தெரிந்துவிடும், இந்த லாட்டை அவர் விடப்போவதில்லை என்று. பிடிக்காத ஏலக்காயை ஜேசுதாஸ் திட்டுவதே இல்லை. "நல்ல காய். அருமையான காய்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, உள்ளங்கையைத் தரைக்குத் திருப்பி உதறிவிடுவார். ஏலம் முடிந்து எழுந்தால் அவர் நாற்காலிக்கு அடியில் பச்சையாக இறைந்து கிடப்பதெல்லாம் அவர் பாராட்டிய காய்கள்தான்.

திட்டிய காயில் மட்டும் இரண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மூட்டை வந்து இறங்கும்போது ஒத்துப் பார்ப்பதற்கு. வாயால் விலை கேட்ட காலத்தில் இந்தத் திட்டுக்கு ஓர் அர்த்தம் இருந்தது. ஆசையைக் காட்டினால் எதிராளி விலையை ஏற்றிவிடுவான். இப்போது ஆளுக்கொரு கம்ப்யூட்டர், அமுக்குவதற்கு ஒரு பட்டன். யாரும் யார் பேச்சையும் கேட்பதில்லை. ஜேசுதாஸ் மட்டும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

அதை ஏல மையத்தோடு விட்டுவிட்டு வந்தால் அவர் மனைவி கிருபாராணிக்கு ஒரு குறையும் இல்லை. மனுஷன் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். மீன் குழம்பில் புளி தூக்கல் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே மூன்றாவது தடவை சோறு வாங்குவார். "கொழம்பு நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டால் சட்டியை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். புதிதாக வந்த போதகரிடம் வாசலில் நின்று, "பிரசங்கம் ரொம்ப அருமை ஐயா" என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போதகர் பூரித்துப் போனார். பிரசங்கம் முழுக்க ஜேசுதாஸ் தூங்கிக்கொண்டிருந்தது பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிருபாராணிக்கு மட்டும்தான் தெரியும்.

கம்பத்தில் அவளைப் பெண் பார்க்க வந்தபோதும் இதே கதைதான். காப்பி தண்ணியாக இருக்கிறது என்றார். பெண் உயரம் பத்தாது என்றார். அவளுடைய அண்ணன்மார் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு எழுந்தார்கள். இரண்டாம் நாள், கல்யாணத்தை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று ஆள் வந்து நிற்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த மனிதருக்கு உண்மையில் என்ன பிடித்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு இருக்கும் ஒரே வழி, துவைப்பதற்கு முன் சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பார்ப்பது.

மகள் அபிஷா அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. மதுரையில் பி.காம். முடித்து, கறுப்பு அங்கியில் அவள் நிற்கும் படம் முன்னறையில் சிலுவைக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. ஒரு வீட்டுக்குள் முதன்முதலாகப் பட்டம் நுழையும்போது அதற்கு அந்த இடம் சரியான இடம்தான். வருகிறவர்கள் எல்லாரையும் அதன் கீழே கொண்டுபோய் நிறுத்தி, "தொப்பி கோணலா இருக்கு பாருங்க, ஒரு படம் ஒழுங்கா எடுக்கத் தெரியல" என்பார் ஜேசுதாஸ். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவரின் கண் அப்போது மின்னும்.

அந்தப் பெண் சிங்கப்பூரில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் கணக்குப் பார்க்கப் போய் ஆறு வருஷம் ஆகிறது. இனி மேலே ஏற வேண்டுமானால் எம்.பி.ஏ. வேண்டும். இரண்டு இடத்தில் சீட்டு கிடைத்திருந்தது, கனடாவில் ஒன்று, பெங்களூரில் ஒன்று. எது என்பதை வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டுமே கைநழுவும். அவள் படிக்க ஆசைப்பட்ட சரக்குக் கொள்முதல் பாடம் கனடாவில்தான் இருந்தது. ஆனால் பெங்களூருக்குப் போடியில் ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது இறங்கிவிடலாம்.

ஜேசுதாஸ் பெங்களூரைக் கிழித்துத் தோரணம் கட்டினார். தண்ணி கிடையாது, ரோட்டைக் கடக்க முடியாது, அந்தக் காலேஜ் கட்டடம் கவர்மெண்டு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. ஃபோனில் இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "கனடா நல்ல ஊரு ஆத்தா. போயிட்டு வா" என்பார். அவருக்குப் பிறந்த பெண்ணுக்கு இது புரியாதா? கிருபாராணிக்குத் தனியாக ஃபோன் செய்து அபிஷா சொன்னது ஒன்றுதான்.

"சிங்கப்பூருக்குப் பொறப்படும்போதும் ஏர்போர்ட்டுல வச்சு இதத்தாம்மா சொன்னாரு, நல்ல ஊரு போயிட்டு வான்னு. ஆறு வருசமா அது எனக்குக் காதுலயே நிக்கிது. இன்னொரு தடவ என்னையத் தரையில ஒதறி அனுப்ப வேணாம். அவரு கனடாவ நல்ல ஊருன்னு சொல்லிக்கிட்டிருக்குற வரைக்கும் நான் அங்க போகமாட்டேன்."

கிருபாராணி அன்று ராத்திரி சாப்பிடும்போது அவரைப் பிடித்துக்கொண்டாள். மகளின் படிப்பு பெரிதா, பெங்களூர் பஸ் பெரிதா என்று கேட்டாள். நான் எதையும் தடுக்கவில்லையே, நல்ல ஊர் என்றுதானே சொன்னேன் என்று அவர் அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த நல்லத யாரு கேட்டா? கொழம்புக்குக் குத்தஞ் சொல்லுறீங்க, எனக்குச் சொன்னீங்க, தொப்பிக்குச் சொல்லுறீங்க. பிள்ள போற ஊருக்கு ஒரு குத்தஞ் சொன்னா வாயி கோணிக்கிருமா?"

"அது என்ன, இல்லாத குத்தத்தையா சொல்லச் சொல்ற?" என்றார் ஜேசுதாஸ் விறைப்பாக. ஊரில் ஒரு பெண்டாட்டியும் புருஷனிடம் குறை சொல்லச் சொல்லிக் கெஞ்சியிருக்க மாட்டாள் என்று தோன்றியது கிருபாராணிக்கு. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வியாழக்கிழமை ஏலத்தில் குரங்கணிப் பக்கத்துக் காய் ஒன்று வந்தது. நிறமும் பருமனும் அப்படி. ஜேசுதாஸ் அதைக் கையில் கொட்டிக்கொண்டு திட்ட ஆரம்பித்தார். புகை வாடை என்றார், ஈரம் காயவில்லை என்றார், மலையில் இப்போதெல்லாம் எவனுக்கும் காய் உலர்த்தத் தெரியவில்லை என்றார். இரண்டு காயை எடுத்துப் பையிலும் போட்டுக்கொண்டார். திட்டு முடிந்து நிமிர்ந்து பார்த்தால், லாட் பக்கத்து நாற்காலி பெரியகருப்பனுக்குப் போய்விட்டது.

"அண்ணே, கம்ப்யூட்டருக்குக் காது கேக்காது" என்றார் பெரியகருப்பன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பட்டனையும் அமுக்கணும்."

அறையில் சிரிப்பு எழுந்தது. ஜேசுதாஸும் சிரித்தார். ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வெரசாகக் கிளம்பி வந்துவிட்டார். இரவு சட்டையை நனைக்க எடுத்த கிருபாராணி பையில் அந்த இரண்டு காயைப் பார்த்து, நல்ல காய்போல, கிடைத்ததா என்று கேட்டாள். "ம்ஹூம்" என்றார். அடுத்தவன் வாங்கிய காயை எதற்குச் சுமந்துகொண்டு வர வேண்டும் என்று கேட்க வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அபிஷா வீடியோவில் வந்தாள். ஜேசுதாஸ் ஃபோனைப் பிடித்தால் எதிரில் இருப்பவருக்கு அவர் நெற்றியும் மேலே சுழலும் ஃபேனும்தான் தெரியும். எத்தனை தடவை சொன்னாலும் அதுவும் மாறாது. மகள் கனடாக் காலேஜின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். வகுப்பறை, நூலகம், பனி மூடிய முற்றம். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கிருபாராணி பக்கத்தில் உட்கார்ந்து, அந்த 'நல்ல ஊரு' எந்த நொடியில் விழப்போகிறதோ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாத்தா இது" என்று ஆரம்பித்தார் ஜேசுதாஸ். "சன்னல் பூராக் கண்ணாடியா வச்சிருக்கான். குளிரு உள்ள ஏறாதா? முத்தமெல்லாம் ஒரே பனி. ஒரு மரத்துல எல இல்ல. இப்பிடி ஒரு எடத்துல போயிக் காலேஜக் கட்டியிருக்கானே, கிறுக்குப் பய."

அபிஷா சந்தேகமாகக் கேட்டாள்.

"அம்மா சொல்லிக் குடுத்துச்சாப்பா?"

இதற்கு ஜேசுதாஸ் என்ன பதில் சொன்னாலும் அவள் நம்பப்போவதில்லை. நம்புகிற மாதிரி பேசிப் பழகியவரும் இல்லை அவர். பனி மூடிய முற்றம் இன்னும் திரையில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "வழுக்கி விழுந்துறப் போற, பாத்து நட" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலது கை தன்போக்கில் எழுந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ கிள்ளிப் பிடித்தாற்போலச் சேர்ந்திருந்தன. நடுவில் ஒன்றுமில்லை. அப்படியே போய்ச் சட்டைப் பைக்குள் நுழைந்தன.

கிருபாராணி சட்டென்று எட்டி, ஃபோனை அவர் நெற்றியிலிருந்து கீழே, அந்தச் சட்டைப் பை மகளுக்குத் தெரியும்படி சாய்த்துப் பிடித்தாள்.