குடிக்காமல் திருப்பிக் கொடுத்த செம்பு

சாயல்குடி பஸ்ஸின் கண்டக்டர்தான் முதலில் சொன்னார். "சார், உங்களோட வேலை பாத்த காதர் மீரான் சார் மவுத்தாயிட்டாராம். காலையிலயே அடக்கம் முடிஞ்சிருச்சு." சோதனைக்கு எடுத்த தண்ணீர்ப் புட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டருகே நின்றிருந்தேன். "ஏறுங்க சார்" என்று அவர் மறுபடி சொல்லும்வரை ஏறத் தோன்றவில்லை. அடக்கத்துக்குப் போகக்கூடக் கொடுத்து வைக்கவில்லையே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இராமநாதபுரத்துக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒரே மேசையின் இரு பக்கங்களில் அமர்ந்து வேலை பார்த்தவர்கள் நாங்கள். எந்தத் தண்ணீரையும் அவர் முதலில் முகர்ந்துதான் பார்ப்பார். டீக்கடையிலும் அதே பழக்கம்தான். கிளாசை மூக்கருகே கொண்டு போவதைப் பார்த்த கடைக்காரர், "குடிக்கிறதுன்னா குடிங்க, மோந்து பாத்துட்டு வைக்காதீக" என்று ஒருநாள் சத்தம் போட்டே விட்டார். "மூக்கு பொய் சொல்லாதுய்யா. மனசுதான் சொல்லும்" என்று காதர் என்னிடம் சிரித்தார். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது சாயல்குடிக்குத் தெற்கே ஒரு கரையோர ஊரில்.

வருஷம் அறுபத்தொன்றோ அறுபத்திரண்டோ இருக்கும். கச்சா எண்ணெய் ஏற்றி வந்த கப்பல் ஒன்று கடலடிப் பாறையில் தட்டி, கரையெல்லாம் கறுப்பாகிவிட்டது. கரையைச் சுத்தம் செய்ய எடுத்த காண்டிராக்டர் ஒருவர் வெளியூர் ஆட்களையும் லாரிகளையும் கொண்டு வந்து, எண்ணெய் படிந்த மணலை அள்ளிக்கொண்டு போனார். சில மாதம் கழித்து அந்த ஊரின் ஊற்றில் எண்ணெய் வாடை அடித்தது. கடற்கரை மணலில் இடுப்பளவு தோண்டி, மேலாக நிற்கும் நல்ல தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு எடுப்பார்கள். ஆழம் போனால் உப்பு. ஊருக்கே அந்த ஒரு ஊற்றுதான். பெண்கள் துணியில் வடிகட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு வாந்தி நிற்கவில்லை.

ஊர் பயந்திருக்கும் என்று நினைத்துப் போனோம். ஊர் குதூகலமாக இருந்தது. கப்பலில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர், "குவைத்துலயும் மொத மொத இப்பிடித்தான் வாடை வந்துச்சாம். நம்ம மண்ணுக்குள்ள எண்ணெய் இருக்கு" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு அந்த ஊற்றை மூடச் சொல்பவன் ஊரின் சோற்றில் மண் போடுகிறவன். எங்கள் மேலதிகாரியும் கிளம்பும்போதே, "இயற்கையாக வருவது என்று எழுதிவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை" என்று சொல்லி அனுப்பியிருந்தார். காண்டிராக்டர் அவருக்கு வேண்டியவர்.

காதர் ஊற்றுக்கு அருகே ஒரு குழி தோண்டினார். தண்ணீர் மட்டத்தில் மட்டும் எண்ணெய்க் கறை. அதற்குக் கீழே மணல் சுத்தமாக இருந்தது. "கீழருந்து வந்தா கீழதானேய்யா வாடை கூடணும்? இது மேட்டுலருந்து வடிஞ்சு வருது" என்று என் காதில் சொல்லிவிட்டு, மண்வெட்டியோடு மேட்டுப் பனங்காட்டைப் பார்த்து நடந்தார். ஐப்பசி மழை நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கோ எண்ணெய் கிடந்தால், மழை அதை மொத்தமாக ஊற்றுக்கு இறக்கிவிடும்.

ஊர் ஆட்கள் வந்து மறித்தார்கள். சிலர் கையில் கடப்பாரை இருந்தது. ஜமாஅத் தலைவரான பெரியவர் ஒரு செம்பில் ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார். வெளியூரான் அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்த பிறகுதான் அங்கே பேச்சு. மறுத்தால் ஊரையே மறுத்ததாக அர்த்தம். குடித்தால் தண்ணீர் நல்லது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

காதர் இரு கைகளாலும் செம்பை வாங்கி முகர்ந்தார்.

"மாமா, ஒண்ணு கேக்குறேன். நிறமோ ருசியோ வாடையோ மாறிப்போன தண்ணியில ஒளு செய்யலாமா?"

பெரியவர், "கூடாது" என்றார்.

"தொழுகைக்கு முன்னால கை கால் கழுவ ஆகாத தண்ணியப் பிள்ளைக்கு எப்படிக் கொடுக்குறது?"

செம்பைத் திருப்பிக் கொடுத்தார். பெரியவர் தண்ணீரை மணலில் கொட்டினார். "கடப்பாரையக் கீழ போடுங்கப்பா. தம்பி தோண்டட்டும்."

மேடேற ஏற, தோண்டிய குழிகளில் வாடை கூடியது. பனங்காட்டுக்குள் மண்வெட்டி ஒரு கறுப்புக் களியில் இறங்கியது. உள்ளே கடற்பாசியும் சிப்பியும் ஒட்டிக் கிடந்தன. கரையில் அள்ளியதை லாரிக்காரர்கள் அங்கேயே புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. குவைத்துக் கதை சொன்னவர் மட்டும், "அப்ப நம்ம ஊருக்கு ஒண்ணுமில்லையா?" என்று கேட்டார். காதர் அவர் தோளில் கை வைத்தார்.

அலுவலகத்தில் அவர் கண்டதைக் கண்டபடி எழுதினார். மேலதிகாரி திருத்தச் சொன்னார். "இன்னொரு குழி வேணும்னா தோண்டுறேன் சார், எழுத்த மாத்த மாட்டேன்" என்றார் காதர். மழைக்கு முன் குழியை வழித்தெடுத்தார்கள். பழைய ஊற்றை மூடிவிட்டு, பனங்காட்டுக்கு அப்பால் புது ஊற்று தோண்டினார்கள். பிள்ளைகள் தேறினார்கள். காதருக்கு மட்டும் மாற்றல் வந்தது. ஊர்க்காரர்களில் பாதிப்பேர் அவரை வெகுநாள் திட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அன்று திரும்பும் பஸ்ஸில் அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. கடப்பாரையை நினைத்தா என்று கேட்டேன். "இல்லய்யா. எம் முடிவு தப்பா இருந்திருந்தா ஒரு ஊரோட ஆசையையும் கெடுத்து, இருந்த ஒரு ஊத்தையும் மூட வச்சிருப்பேன். பயமில்லாம சோதிக்கிறவன் எழுதுற எதையும் நம்பாதே" என்றார்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரை அறிந்த நீங்கள் அவருடைய துணிச்சலைப் பற்றிப் பேசுவீர்கள். பேசுங்கள், உண்மைதான். எனக்குக் கிடைத்தது அவருடைய பயம். இன்றைக்கும் ஓர் ஊரின் தண்ணீருக்குக் 'குடிக்கலாம்' என்று எழுதும் முன் என் கை நின்றுவிடுகிறது; எழுந்து போய் இன்னொருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு வருகிறேன்.