வெந்த கன்னமும் வீடியோ காலும்

பழங்காநத்தத்தில் ஒரு தோல் மருத்துவரின் கிளினிக்கில் காத்திருந்தபோது அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம் என்று அவளுடைய அம்மா சொன்னார். முகம் பளபளக்க வேண்டும் என்று, தோலின் மேல்படலத்தை உரிக்கும் கிளைகாலிக் ஆசிட் சீரம் வாங்கியிருக்கிறாள். வாரத்தில் ஓரிரு இரவு மட்டும் பூச வேண்டியதைத் தினமும் பூசி, சன்ஸ்கிரீன் இல்லாமல் வெயிலிலும் அலைந்திருக்கிறாள். இரண்டு கன்னமும் சிவந்து தோல் உரிந்திருந்தது. அரிப்பெடுக்கும்போதெல்லாம் கை முகத்தை நோக்கி எழும். பாதியிலேயே இறக்கி மடியில் அழுத்திக்கொள்வாள். துப்பட்டாவால் முகத்தை மூடவில்லை.

அப்போது மாப்பிள்ளை வீடியோ காலில் கூப்பிட்டார்.

“எடுக்காதடி. சிக்னல் இல்லைன்னு பெறகு சொல்லிக்கிரலாம்,” என்றார் அம்மா.

அவள் எடுத்து, போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“நல்லாப் பாத்துக்கங்க. சீரத்தத் தெனமும் போட்டு நானே முகத்தப் பொசுக்கிக்கிட்டேன். கல்யாணத்துக்குள்ள ஆறலைன்னா இதே முகத்தோடதான் மணவறைக்கு வருவேன். ஒங்களுக்குச் சங்கடமா இருந்தா இப்பவே சொல்லிருங்க.”

காத்திருந்த எல்லாரும் அவள் பக்கம் திரும்பினோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“ரொம்ப எரியுதா?” என்றது மாப்பிள்ளையின் குரல். “இருங்க, நான் கெளம்பி வாரேன்.”

அதுவரை கலங்காத அவள் கண்கள் அப்போதுதான் நிறைந்தன. கண்ணீர் பட்டுக் கன்னம் எரிந்திருக்கும், ஆனாலும் சிரித்தாள்.

எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிறது; ஒரு நாளும் நான் இப்படி நேருக்கு நேர் கேட்டதில்லை. எந்தப் பதில் வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக, அத்தனை பேர் முன்னால் ஒருத்தி அப்படிக் கேட்டாளே என்ற வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.