காலி மணை

இதை எழுதும்போதும் வலது தோள் விண்விண்ணென்று தெறிக்கிறது. நாலு நாள் சுவர் சுரண்டிய வலி. அந்த வலி பொய்யில்லை. அந்தச் சுவரில் நான் கண்டதும் பொய்யில்லை.

கீழப்பழுவூர் பக்கம் ஒரு பழைய சத்திரம். சுண்ணாம்புக்கு அடியில் இருநூறு வருசத்து ஓவியம் இருக்கிறதாம். அந்தச் சுண்ணாம்பைச் சுரண்டி எடுப்பதுதான் என் வேலை. வரலாறு டீச்சர் தமிழ்மொழி தன் போனில் ரெக்கார்டிங் போட்டு வைத்தார். "காத்து பட்டா கலர் மங்கிடும் தர்மண்ணே. சுரண்டச் சுரண்ட என்ன தெரியுதோ சொல்லிக்கிட்டே இருங்க. நான் சாப்பிட்டு வந்துடறேன்." மதியம் 1:10க்குப் போனார்.

என் மனசு அங்கே இல்லை. தங்கச்சி மகள் தென்றல், மூணு வயசு, அரியலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூணு நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. காலையில்தான் தங்கச்சி போனில் கத்தினாள். "ரெண்டு வருசமா காது குத்தலாம், குத்தலாம்னு இழுத்தடிச்ச. சாமிக்கு நேந்துக்கிட்டதுண்ணே. தாய்மாமன் நீ இல்லாம யாரு மடியில வச்சுக் குத்துவேன்?"

"வேலை முடியட்டும்" என்றேன். எப்பவும் அதைத்தான் சொல்வேன்.

1:25. போனைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

"காதுகுத்துப் படம். ஆசாரி ஊசியோட உட்கார்ந்திருக்கார். தட்டுல வெத்தலை, பழம், காப்பரிசி. மொட்டை போட்ட சின்னப் புள்ள, தலையில சந்தனம். நின்னுக்கிட்டே அழுவுது. பக்கத்துல சிவப்புத் தலைப்பா கட்டுன அப்பன். எல்லாரும் புள்ளையத்தான் பார்க்கறாங்க. மணை போட்டிருக்கு..."

மணையில் யாருமில்லை. தாய்மாமன் உட்காரும் இடம். சுரண்டும்போது பேர்த்துவிட்டேனா என்று விரலால் தடவினேன். கீறல்கூட இல்லை. வரையவே இல்லை.

1:40. தங்கச்சி போன். "அண்ணே... புள்ளைக்கு வலிப்பு வந்துடுச்சு. கண்ணு மேல சொருகுது..." கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

நிமிர்ந்தேன். தலைப்பாக்காரன் இப்போது பிள்ளையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

டக்... டக்... மணை தரையில் தட்டுகிற சத்தம்.

சுவரில் சாய்ந்து அழுதேன். "யாராவது மடி கொடுங்கய்யா. குத்திடுங்க. புள்ள பொழைக்கட்டும்."

சத்தம் நின்றது.

1:52.

2:05க்குத் தங்கச்சி போன்.

"காய்ச்சல் விட்டுடுச்சுண்ணே. ஆனா ரெண்டு காதுலயும் ரத்தம்... யாரோ குத்தியிருக்காங்க."

"யாரு?"

"யாரும் வரல. நான் இங்கதான் நிக்கிறேன். புள்ள, செவப்புத் தலைப்பா மாமா மடியில உட்கார்ந்தேங்கறா."

சாயங்காலம் டீச்சர் ரெக்கார்டிங்கைப் போட்டார். என் அழுகை. அதுக்கப்புறம் ஓர் ஆண் குரல். நிதானமாக.

"பேரு?"

"தென்றல்."

என் குரல்தான். நான் சொன்ன ஞாபகமே இல்லை.

"என் புள்ளைக்கு நீ மடி கொடுப்பியா?"

"கொடுக்கறேன்."

டீச்சர் என்னையே பார்த்தார். "யார்கிட்ட பேசுனீங்க?"

படம் இப்போது மங்கிவிட்டதாம். மணை மட்டும் பளிச்சென்று இருக்கிறதாம். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒரு மடி பாக்கி. இன்னும் கொடுக்கவில்லை.