புதன்கிழமை விமானம் வியாழக்கிழமைக்குப் போனது: மட்டாஞ்சேரியிலிருந்து அகமதாபாத்

சென்ற மாதம் என் அக்காவை மட்டாஞ்சேரியிலிருந்து அகமதாபாத்துக்கு அழைத்துப் போனேன். ஊர் சுற்றப் போகவில்லை. அக்கா மகள் மாலாவுக்குத் தலைப்பிரசவம். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறுவைச் சிகிச்சை என்று மருத்துவமனையில் நேரம் குறித்துவிட்டார்கள். அவள் கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்பவர். அப்போது நடுக்கடலில் இருந்தார். மாமியாரும் உயிரோடு இல்லை. மாலா கேட்டது ஒன்றுதான்: "உள்ள கொண்டுபோறப்ப அம்மா பக்கத்துல இருக்கணும்." அக்காவுக்கு வயது அறுபத்தொன்று, இரண்டு முழங்காலிலும் வலி, விமானத்தில் ஏறியதே இல்லை. அதனால் துணைக்கு நான்.

டிக்கெட் எடுத்துக் கொடுத்தது பெங்களூரில் இருக்கும் என் தம்பி ரவி. அவனோடு எனக்கு ஆறு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. பதினேழு வருடம் பாடம் நடத்திய கல்லூரி ஒரே கடிதத்தில் என்னை வீட்டுக்கு அனுப்பிய சமயம், ஒரு கல்யாணப் பந்தியில் அவன் என்னைக் காட்டி, "எங்க அண்ணன் இவ்வளவு படிச்சதுக்கு இப்ப வீட்ல நல்லா பேப்பர் படிக்கிறாரு" என்றான். பந்தியே சிரித்தது. சிரித்தவர்களின் பெயர்கள் இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன. டிக்கெட் அக்காவின் கைபேசிக்கு வந்து, அங்கிருந்து எனக்கு வந்தது. புதன் பகல் 1.25க்குக் கொச்சியில் புறப்பாடு, மும்பையில் மாறி, இரவு 7.10க்கு அகமதாபாத்.

நான் கோயம்புத்தூர்க்காரன். திங்கள் காலை ரயிலில் ஏறி நான்கு மணி நேரத்தில் எறணாகுளம் இறங்கினேன். ஸ்டேஷனிலிருந்து மட்டாஞ்சேரி ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார். கைபேசியில் இருநூற்றுப் பத்து காட்டுகிறது என்றேன். "எங்கில் அந்த ஃபோன்ல ஏறி இருந்து போங்க சாரே" என்றார். இருநூற்று அறுபதுக்கு முடிந்தது. முப்பத்தைந்து நிமிடம். பெட்டி இல்லாதவர்கள் உயர் நீதிமன்றம் அருகே இருக்கும் படகுத்துறையிலிருந்து படகில் வரலாம். செலவும் குறைவு, ஆட்டோக்காரரிடம் பேச்சும் வாங்க வேண்டாம்.

செவ்வாய் காலை அக்கா டிக்கெட்டைத் தாளில் கேட்டாள். கைபேசியிலேயே இருக்கிறது என்றேன்.

"ஃபோன் செத்துப்போச்சுன்னா? எனக்குக் கடலாசு வேணும்டா. கையில பிடிச்சுக்கணும்."

கடலாசு என்றால் இங்கே காகிதம். முப்பத்தெட்டு வருடம் இந்த ஊரில் வாழ்ந்தவளின் தமிழ் அப்படித்தான் இருக்கும். அச்செடுக்கக் கடைவீதிக்கு நடந்தேன். டிக்கெட், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ என்று பலகை வைத்த சிறிய கடை. நடத்துபவர் அப்துல் பாய்; பாலக்காட்டிலிருந்து தாத்தா காலத்தில் இங்கே வந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். அச்செடுத்த தாளை என்னிடம் நீட்டியவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டு படித்தார்.

"இது எப்ப எடுத்தது சாரே?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

"அப்புறம் செக் பண்ணிப் பார்த்தீங்களா?"

"எதுக்கு? கன்ஃபர்ம்னு போட்டிருக்கே."

"கல்யாணப் பத்திரிகைலயும் முகூர்த்தம் போட்டுத்தான் இருக்கும். மாப்பிள்ளை வரணும்ல?"

கல்யாணம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அவர் அதைக் கவனிக்கவில்லை. மேசை மேல் இருந்த டைரியைக் காட்டினார். அவரிடம் டிக்கெட் எடுத்த ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரிலும் மூன்று கட்டங்கள்: மூன்று நாள் முன்பு, முந்தின நாள், புறப்படும் காலை. மூன்றிலும் பார்த்துக் குறி போடுகிறார்.

"பண்டெல்லாம் எழுபத்திரண்டு மணிக்கூர் முன்னாடி ஏர்லைன்ஸ் ஆபீசுக்குப் போன் பண்ணி, நாங்க வர்றோம்னு சொல்லணும். சொல்லலேன்னா சீட்டைத் தூக்கி வேற ஆளுக்குக் கொடுத்துடுவான். இப்ப நாம வர்றோம்னு சொல்ல வேண்டாம். அவன் வர்றானான்னு நாம பார்க்கணும். அவ்வளவுதான் வித்தியாசம்."

பேசிக்கொண்டே டிக்கெட்டின் ஆறெழுத்துக் குறியீட்டைத் தட்டினார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். எங்கள் விமானம் ரத்தாகியிருந்தது. எங்கள் இருவரையும் வியாழன் பகல் 1.25க்கு மாற்றியிருந்தார்கள். மாலாவை உள்ளே கொண்டுபோகும் நேரத்தில் நாங்கள் மட்டாஞ்சேரியில் காலைச் சாயா குடித்துக்கொண்டிருப்போம்.

புதன் காலை 8.55க்கு வேறொரு விமானம் இருந்தது. ஐந்து இருக்கைகள் மிச்சம். கட்டணமின்றி அதற்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் டிக்கெட் எடுத்தபோது கொடுத்த எண்ணுக்கு ஓடிபி போகும். அதைச் சொன்னால்தான் மாற்ற முடியும். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து இருபத்தேழு நிமிடம் அவர்களுடைய இசையைக் கேட்டேன். கடைசியில் எடுத்த பெண்ணும் அதையே சொன்னார். புதிதாக எடுத்தால் ஆளுக்குப் பதினாலாயிரத்து அறுநூறு. ஒரு கணம் அதையும் யோசித்தேன். என் கௌரவத்துக்கு அது அதிக விலை.

ரவிக்குத்தான் எல்லாச் செய்தியும் போயிருக்கும். தெரிந்தும் சொல்லாமல் இருந்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்கு ஒரு திருப்தி கூட இருந்தது. ஆறு வருடமாக நான் அவனைப் பற்றி நினைத்தது சரிதான் என்ற திருப்தி. அந்த வேகத்தில் அவனை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அண்ணே!"

"உன் ஃபோனுக்கு ஒரு ஓடிபி வரும். அதைச் சொல்லு."

"எங்கண்ணே போனீங்க? சனிக்கிழமையில இருந்து உங்களுக்கு அடிக்கிறேன். ஒரு ரிங் போயிட்டு கட் ஆகுது. வாட்ஸ்ஆப்ல எட்டு மெசேஜ் போட்டேன், எல்லாம் ஒத்த டிக்."

அந்தப் பந்தியிலிருந்து எழுந்து கை கழுவியதும் முதல் வேலையாக அவன் எண்ணை என் கைபேசியில் தடுத்து வைத்தவன் நான். தடுத்துவைத்த எண்ணை நாம் அழைக்கலாம். அவர்களால்தான் நம்மை அழைக்க முடியாது. ஆறு வருடத்தில் அதை நான் மறந்தே போயிருந்தேன்.

"அக்காகிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா அவ உடனே மாலாவுக்குப் போன் போட்டு அழுவா. அந்தப் புள்ளைக்கு ஏற்கெனவே பிபி ஏறிக் கிடக்கு. நானா வேற ஃபிளைட்டை மாத்தலாம்னு பார்த்தேன். உங்களைக் கேக்காம மாத்தினா அதுக்கு இன்னொரு ஆறு வருசம் பேசமாட்டீங்க. அதான் நேர்லயே வந்துரலாம்னு மத்தியானப் பஸ்சுக்கு டிக்கெட் போட்டுட்டேன். பாருங்க, பையெல்லாம் கட்டி..."

"சாரே," என்று பாய் குறுக்கிட்டார், "ஓடிபிக்கு ஆயுசு அஞ்சு நிமிஷம். அண்ணன் தம்பிக்கு நிறைய இருக்கு."

முதல் ஓடிபி காலாவதியாகிவிட்டது. இரண்டாவதை ரவி ஒவ்வோர் எண்ணாகச் சொன்னான், பாய் தட்டினார். 11.52க்குப் புதிய டிக்கெட் வந்தது. "பஸ் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். மன்னிப்பு என்ற சொல் இரு பக்கத்திலும் வரவில்லை. பாய் அச்செடுத்ததற்கு இருபது ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார்.

புதன் காலை 5.20க்கு டாக்சி, ஆயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். தோப்பும்படி பாலம், வைற்றில, இடப்பள்ளி, ஆலுவா வழியாக நெடும்பாசேரி விமான நிலையம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அந்த நேரத்தில் ஒன்றேகால் மணி நேரம். எட்டு மணிக்கு மேல் புறப்பட்டால் இடப்பள்ளியிலேயே அரை மணி போய்விடும் என்றார் ஓட்டுநர். அக்கா மடியில் கடலாசை வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு வந்தாள். ஃபிளைட் சீக்கிரமாகிவிட்டது என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

"சீக்கிரம் போறது நல்லதுதானேடா. அதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே?"

விமான நிலையத்தில் இன்னோர் இடி. பழைய டிக்கெட்டில் ரவி அக்காவுக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்தான். விமானம் மாறியபோது அந்தக் கோரிக்கை கூடவே மாறவில்லை. புதிதாகக் கேட்டுவிட்டு இருபத்தைந்து நிமிடம் நின்றோம். நேரத்தோடு வந்ததால் பிழைத்தோம். மும்பையிலும் வேண்டும் என்று இங்கேயே சொல்லிப் பதிந்துகொண்டேன். அகமதாபாத்தில் 2.40க்கு இறங்க வேண்டிய விமானம் 2.55க்கு இறங்கியது. நாலரைக்கு அக்கா மகளின் கட்டிலுக்கு அருகில் இருந்தாள்.

வியாழன் காலை மாலாவைத் தள்ளிக்கொண்டு போனபோது அக்கா நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி அந்தக் கதவு வரைக்கும் நடந்தாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. 9.52க்குப் பெண் குழந்தை. சற்று நேரத்தில் என் கைபேசி ஒலித்தது, முந்தின நாள் நான் தடையை நீக்கியிருந்த ரவியின் எண். எடுத்தேன். இரண்டு நிமிடம் பேசினோம், பெரும்பகுதி சக்கர நாற்காலியைப் பற்றி. பந்தியில் அவன் சொன்னதை நான் மறந்துவிடவில்லை. ஆனால் நான் செய்து வைத்திருந்த காரியத்தால், அக்கா அந்தக் கதவு வரை நடந்திருக்கவே முடியாமல் போயிருக்கும். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இதேபோல் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டிக்கெட்டில் கன்ஃபர்ம் என்று இருப்பது எடுத்த நாளின் நிலவரம் மட்டுமே. மூன்று நாள் முன்பும் முந்தின நாளும் புறப்படும் காலையும் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். இடையில் நிற்கும் செயலிகளை நம்ப வேண்டாம். விமானம் மாறினால் நாற்காலி, சாப்பாடு, கூடுதல் பெட்டி எல்லாவற்றையும் மறுபடி கேளுங்கள். வேறொருவர் எடுத்த டிக்கெட் என்றால் யாருடைய எண் கொடுத்திருக்கிறார்கள் என்று டிக்கெட் கைக்கு வந்த அன்றே விசாரியுங்கள். அந்த ஆள் உங்களை அழைத்தால் உங்கள் கைபேசி மணி அடிக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வருவதற்கான டிக்கெட்டை நானே எடுத்தேன். தொடர்பு எண் கேட்ட இடத்தில் என்னுடையதைப் போட்டேன். கீழே இன்னோர் எண்ணுக்கும் இடம் இருந்தது, கட்டாயமில்லை. ரவியின் பெயரை என் கைபேசியிலிருந்து எப்போதோ அழித்துவிட்டிருந்தேன். பத்து எண்களையும் எங்கும் பார்க்காமல் தட்டினேன்.