பாஸ்வேர்டு தராத அக்கா

பாகலூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வளர்க்கும் அந்த அக்கா, புடவைக்கு மேல் எப்போதும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். யாருக்குப் பூ கொடுத்தாலும் காம்பிலுள்ள முள்ளைக் கத்தரியால் நீக்கிவிட்டுத்தான் நீட்டுவார்.

ரோஜா வளர்ப்பு பற்றி அவர் ஒரு வீடியோ சேனல் நடத்தினார். அதற்கு எடிட்டிங் செய்யப் போன முதல் நாளே நான் பாஸ்வேர்டு கேட்டுவிட்டேன்.

“அது எங்கூட்டுக்காரருக்கே தெரியாது. உன் மெயில் ஐடி சொல்லு கண்ணு, எடிட்டரா சேத்துடறேன். வீடியோ போடலாம், திருத்தலாம். போட்டத அழிக்க மட்டும் முடியாது” என்றார்.

சேனலுக்கு வரும் கமெண்டுகளுக்குக் கன்னடத்தில் பதில் எழுதும் பெண்ணுக்கும் இப்படித்தான் தனி அனுமதி. தினமும் சோறு போடுகிறவர் என்னை நம்பவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்.

இரண்டு வருடம் கழித்து, ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்து விலகினேன். அன்று மாலையே ஃபோன் வந்தது.

“உன்ன சேனல்ல இருந்து எடுத்துட்டேன் கண்ணு.”

“ஒரு நாள்கூடப் பொறுக்கலயாக்கா?”

“நாளைக்கு அதுல ஏதாச்சும் ஆச்சுன்னா உன் பேரத்தான் மொதல்ல இழுப்பாங்க. அதுக்குத்தான்.”

கிளம்பும்போது அவர் கொடுத்த ரோஜா மேசைமேல் கிடந்தது. காம்பைத் தடவிப் பார்த்தேன். ஒரு முள்கூட இல்லை.