கிரேட்டா டொக்டர் கேட்ட ஓம்

போன கிழமை என் சித்தப்பாவை மெரிலேண்ட்ஸில் ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இளம் டொக்டர். மேசையில் ஒரு கருவியை வைத்து, இது தமிழ் கதைக்கும் என்று பெருமையாகச் சொன்னார். கருவி தமிழில் முழங்கால் நோகிறதா என்று கேட்டது. சித்தப்பா, "ஓம்" என்றார், ஆமாம் என்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் சொல். அவர் ஒரு புனித ஒலியை உச்சரிக்கிறார் என்று கருவி ஆங்கிலத்தில் அறிவித்தது. டொக்டர் பயபக்தியோடு கைகளைக் கட்டிக்கொண்டு பிரார்த்தனை முடியட்டும் என்று காத்திருந்தார். சித்தப்பாவும் மருந்துக்குக் காத்திருந்தார். நான் பக்கத்துக் கதிரையில்தான் இருக்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேட்கலாமே? எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் இதே பிழையை, சிட்னிக்கு வந்த புதிதில், சம்பளத்துக்கு இருந்து தட்டச்சு செய்தவள் நான்.

பரமட்டாவில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் கிரேட்டா டொக்டரின் அறை இருந்தது. கதவைத் திறந்தால் கோப்பி மணமும் சீரக மணமும் ஒன்றாக வரும். சீரகம் போட்ட கறுப்பு ரொட்டி, எங்கள் பேச்சில் பாண், அதுதான் அவருடைய மத்தியானச் சாப்பாடு. எங்கள் ஆட்கள் சீரகத்தை ரசத்தில் போடுவார்கள், அவர்கள் பாணில் போடுகிறார்கள், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்தப் பாணை வெட்டுவதற்கு விறகு கொத்துகிற பலம் வேண்டும்.

அவர் ஜேர்மன்காரி. கணவரோடு இந்த நாட்டுக்கு வந்து, கணவர் போனபிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். தொழில் உளப்பகுப்பாய்வு. அதாவது, நோயாளி நீட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டு மனதில் வருவதையெல்லாம் சொல்லவேண்டும், டொக்டர் தலைமாட்டில் இருந்து வாய் திறக்காமல் கேட்கவேண்டும். மிச்ச நேரத்தில் புத்தகம் எழுதுவார். முதலில் ஜேர்மனில் எழுதினார், பிறகு ஆங்கிலத்தில். அவருடைய ஆங்கில வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில்தான் வந்து சேரும். பதிப்பகத்தார் குழம்பிப் போவார்கள். எனக்கு ஒரு குழப்பமும் இல்லை, தமிழும் அப்படித்தானே. அதனால்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தார் என்று நினைக்கிறேன், என் தட்டச்சு அப்படியொன்றும் பெரிய திறம் இல்லை.

எதிர் அறையில் ஒரு பல் டொக்டர் இருந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், டூங்கபியிலிருந்து பாக்கியம் அன்ரி வந்த முதல் நாள், மேசையில் ஒரு தமிழ்ப்பிள்ளை இருப்பதைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டார். புருஷன் செத்தபிறகு அவருக்கு நித்திரை இல்லை, குடும்ப டொக்டர்தான் இங்கே அனுப்பியிருந்தார். பைத்தியம் பார்க்கிற விசர் டொக்டரிடம் போகிறா என்று ஊர் கதைக்குமே என்ற பயம். அந்தப் பயத்தில், மொழிபெயர்க்க ஒரு தமிழரையும் வைக்கக்கூடாது, தனக்கு இங்கிலீஷ் வரும் என்று சொல்லியனுப்பியிருந்தார். என்னைப் பார்த்து, "நான் பல்லுக்கு வந்தனான், பிள்ளை" என்றார். நானும் ஓம் அன்ரி, இருங்கோ என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கிழமையும் அவர் பல்லுக்கு வந்தார், நானும் ஒவ்வொரு கிழமையும் பல்லைப் பற்றி விசாரித்தேன். அந்தப் பல்லை நாங்கள் இரண்டுபேரும் சேர்ந்து வளர்த்தோம்.

உள்ளே என்ன நடந்தது என்பது தட்டச்சுக்கு வந்த தாள்களில்தான் எனக்குத் தெரிந்தது. அன்ரி படுக்க மறுத்துவிட்டார். ஒரு டொக்டருக்கு முன்னால் கால் நீட்டிப் படுப்பதா? சோபா நுனியில், மடியில் கைப்பையோடு இருந்தார். டொக்டர் கேட்டால் சொல்லலாம் என்று அவர் காத்திருந்தார். நோயாளி சொன்னால் கேட்கலாம் என்று டொக்டர் காத்திருந்தார். கிழமைக் கணக்காக இரண்டு மனுஷிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். கடைசியில் தாங்கமுடியாமல் வாய் திறந்தது டொக்டர்தான். சின்ன வயதில் குண்டு விழுந்த ஒரு நகரத்தைப் பற்றி, நிலவறைக்கு ஓடும்போது தன் கையிலிருந்து நழுவிப்போன தம்பியைப் பற்றி, அதற்குப் பிறகு தன்னோடு சரியாகக் கதைக்காத தாயைப் பற்றி. எத்தனையோ பேரின் கதைகளைக் கேட்டவர், தன் கதையை ஒருவருக்கும் சொல்லாதவர், ஒரு கைப்பைக்காரியிடம் சொல்லிவிட்டார். அன்ரி ஓம், ஓம் என்றார்.

டொக்டர் என்ன எழுதினார் தெரியுமா? துயரமான இடம் வரும்போதெல்லாம் இந்து நோயாளி புனித மந்திரத்துக்குள் ஒளிந்துகொள்கிறார் என்று ஒரு முழு அத்தியாயம். நான் சும்மா இருந்திருக்கலாம். மந்திரமும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை டொக்டர், அது யெஸ் என்று சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாளைத் திருப்பி வாங்கி, மந்திரம் வந்த இடமெல்லாம் யெஸ் என்று மாற்றிக்கொண்டே போனார். ஓரிடத்தில் பேனா நின்றது. தம்பி செத்தது என்னுடைய பிழைதானோ என்று அவர் சொன்ன இடம் அது. அங்கேயும் அன்ரி ஓம் சொல்லியிருந்தார்.

டொக்டரின் முகம் செத்துவிட்டது. இனி அந்த அம்மாவை வரவேண்டாம் என்று சொல்லிவிடு என்றார்.

நான் பதறிப்போய், அது அப்படியான யெஸ் இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் நாங்கள் ஓம்தான் சொல்வோம் என்றேன். முதலில் யெஸ் என்றாய், இப்போது யெஸ் இல்லை என்கிறாய், உங்கள் பாஷையில் யெஸ்ஸுக்கு என்னதான் சொல்வீர்கள் என்று கேட்டார். ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதைதான். எழுத்தில் இவ்வளவு நுணுக்கம் பார்க்கிற மனுஷிக்கு இது ஏன் விளங்கவில்லை என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. விளங்கவில்லை என்றில்லை. வாழ்நாள் முழுக்கப் பயந்த பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

வரவேண்டாம் என்று நான் அன்ரிக்குச் சொல்லவில்லை. இதை அவரிடம்தான் கேட்கவேண்டும். எப்படிக் கேட்பது? அவர்தான் பல்லுக்கு வருகிறவர் ஆயிற்றே. அடுத்த கிழமை அவர் வந்து கதிரையில் இருந்ததும், நான் மரியாதையை ஒருபக்கம் வைத்துவிட்டு, நீங்கள் ஓம் சொன்னதில் டொக்டர் மனம் உடைந்துபோனார், தம்பி செத்தது அவருடைய பிழை என்று நீங்கள் ஒத்துக்கொண்டதாக நினைக்கிறார் என்று கொட்டிவிட்டேன். அன்ரி என்னைக் கோபிக்கவில்லை. கைப்பையை மூடினார்.

"அவ பாவம், தனிய இருந்து தம்பியை நினைச்சு அழுறா. நான் ஓம் போடாட்டி அவ எப்பிடிச் சொல்லி முடிக்கிறது? ஒரு மனுசி அழேக்க, பிழையோ சரியோ எண்டே பாக்கிறது?"

அவ்வளவு நாளும் அன்ரி தன்னை நோயாளி என்று நினைக்கவே இல்லை. தனித்துப்போன ஒரு கிழவிக்குத் துணையாகக் கிழமைக்கு ஒருதரம் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்திருக்கிறார்.

கதவைத் தட்டாமலே உள்ளே போனார். அன்ரியின் இங்கிலீஷில் அதை எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பிறகு, அந்த அறையில் நான் ஒருநாளும் கேட்டிராத மாதிரி, அன்ரியின் குரல் நீளமாக வந்தது. தமிழில். டொக்டருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. இடைக்கிடை கரகரத்த ஜேர்மன் தொண்டையில் "ஓம்" கேட்டது. சரியான இடத்தில்தான் விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

அந்த அத்தியாயத்தை டொக்டர் கிழித்துப் போட்டார். முழுவதும் திருப்பித் திருப்பித் தட்டச்சு செய்தவள் நான் என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அன்ரி சாகும்வரை நல்ல நித்திரை கொண்டார் என்று பிறகு அவருடைய மகள் சொன்னாள்.

கடைசிக் காலத்தில் டொக்டர் முதியோர் இல்லத்தில் இருந்தார். ஆங்கிலம் முழுக்க மறந்து ஜேர்மன் மட்டும் மிஞ்சியது. மொழிபெயர்ப்பாளருக்கு எழுதிப்போட்டிருக்கிறோம் என்று அங்கே இருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் சொன்னார்கள், ஒருவரையும் காணவில்லை. டொக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு ஜேர்மன் தெரியாது. ஓம் போட்டேன். வேறு என்ன செய்ய? அவரும் நிறுத்தவில்லை.

இப்போது டொக்டரும் இல்லை, அந்த மாடியும் இல்லை, அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் ஏறி நிற்கிறது. இருக்கட்டும். கட்டடம் போனதற்கெல்லாம் அழுகிற ஆள் நானில்லை. மகளிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், ஓல் குட் அம்மா என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறாள். தங்கச்சி போனில் ஒரு மஞ்சள் முகத்தை அனுப்புகிறாள், அது சிரிக்கிறதா அழுகிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்க்கவேண்டியிருக்கிறது. ஓம் போட நான் ரெடி. இழுத்து ஒரு கதை சொல்லத்தான் ஒருவரும் இல்லை.