சீட்டில் போன கேள்வி

அதியமான்கோட்டையில் பேருந்து டீக்கு நிற்கிறது. கடையில் முக்காடு போட்ட பெண் ஒருவர் டீ ஆற்றுகிறார். பக்கத்துக் குழாயடியில் அவருடைய கணவர், நெஞ்சுவரை தாடி, வீட்டுச் சோற்றுப்பானையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். நான் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துவிடுகிறேன் போலிருக்கிறது.

“என்னங்க பாக்கறீங்க?” என்று அந்த அம்மா சிரிக்கிறார். “எங்க பள்ளிவாசல்ல வாராவாரம் இமாம் ஹஜ்ரத் மார்க்கம் பத்திப் பயான் பண்ணுவாருங்க. பொம்பளைங்க குரல் வெளிய கேக்கக் கூடாதாம். திரைக்குப் பின்னால உக்காந்து, கேள்வியைச் சீட்டுல எழுதிக் குடுக்கணும். நானும் எழுதினேன். தாடி வெக்கிறது நபிவழின்னா, நபிகள் நாயகம் வூட்டு வேலையும் செஞ்சாங்களே, அது நபிவழி இல்லீங்களான்னு.”

“ஹஜ்ரத் என்ன சொன்னார்?”

“கிதாபு பாத்துச் சொல்றேன்னாருங்க. பதில் வர்ற வரைக்கும் செய்யுங்கன்னு இவர்கிட்ட சொல்லிட்டேன்.”

கணவர் பானையைக் கவிழ்க்கிறார். “அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் குடுத்ததே நாந்தானுங்க. நான் பிரிச்சுக்கூடப் பாக்கல. மூணு வாரமாச்சு, ஹஜ்ரத் இன்னும் கிதாபைப் பொரட்டிட்டே இருக்காரு.”

அந்த அம்மா என்னிடம் டீயை நீட்டுகிறார்.

“எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. ஹஜ்ரத் நிதானமாப் பாக்கட்டும்.”